சத்திக்குக் கையால் எழுதிய வழி

ஷட்டரை இறக்கிவிடட்டுமா? சாரல் உங்கள் பக்கம்தான் அடிக்கிறது. இந்த பஸ்ஸில் இந்த ஒரு ஷட்டர்தான் பாதியில் நின்றுகொள்ளும். முழங்கையால் ஓர் இடி இடித்தால் இறங்கும். பார்த்தீர்களா. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் இதில்தான் போகிறேன். எந்த ஜன்னல் எப்படி என்று தெரிந்துவிட்டது.

நீங்கள் கோபியா? நான் சத்தி வரைக்கும். ஆஸ்பத்திரியில் வேலை. டாக்டர் இல்லை. கம்ப்யூட்டர் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன், அதற்கு மேல் சொன்னால் கேட்பவர் முகம் மாறிவிடும். நெட்வொர்க் வேலை. ஈரோட்டில் தலைமை ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். இப்போது மூன்று நாள் சத்தி கிளை, மூன்று நாள் பவானி கிளை. சத்தியில் இருப்பது ஒரு ரௌட்டர், இரண்டு சுவிட்ச், ஓர் எக்ஸ்ரே மெஷின். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவையில்லை. ஒரு பூட்டு போதும்.

ஏன் மாற்றினார்கள் என்று கேட்கிறீர்கள். சரி, நீங்கள் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சித்தோடே இன்னும் தாண்டவில்லை, கோபிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது.

என் பெயர் சென்னியப்பன். பொறாமை பிடித்தவன் என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். அதை முதலிலேயே நானே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டு, இவர் மறைத்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். எனக்குப் பொறாமை இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

போன தை மாதம் கோவைக்காரர்கள் எங்கள் ஆஸ்பத்திரியை எடுத்துக்கொண்டார்கள். வெளியே பலகையில் இணைந்தது என்று எழுதினார்கள். எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் சரி. இரண்டு பக்கமும் ஒரு மருந்து ஸ்டோர்ஸ் ஆள், ஒரு கணக்கு மேனேஜர், ஒரு நெட்வொர்க் ஆள். இணைந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒருவர்தான் தலைமை. ஆனி முடிவதற்குள் யார் என்று சொல்வதாக இருந்தது. எங்கள் பக்கம் நான். அவர்கள் பக்கம் வானதி என்று ஒரு பெண். முப்பத்து நாலு வயது, பொள்ளாச்சி. சர்வீஸ் ஆறு வருஷம். பதினாறும் ஆறும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட எது பெரிது என்று தெரியும்.

வந்த முதல் நாளே என் சர்வர் ரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். நான் கழற்றச் சொல்லவில்லை. அங்கே யாரும் கழற்றுவதில்லை. உள்ளே வந்து ரேக்கைப் பார்த்து, "சார், கேபிளெல்லாம் எவ்வளவு அழகா சீவி விட்டிருக்கீங்க" என்றாள். சீவி விட்டிருக்கிறேனாம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அப்புறம் பையிலிருந்து ஒரு சின்ன மெஷினை எடுத்தாள். லேபிள் அடிக்கும் மெஷின். "பேர் மட்டும் ஒட்டிடலாமா சார்? நாளைக்கு நீங்க லீவு போட்டாலும் மத்தவங்களுக்குத் தெரியும்ல." நான் பதினாறு வருஷத்தில் பதினோரு நாள் லீவு போட்டவன். எந்த ஒயர் எங்கே போகிறது என்பது என் தலையில் இருக்கிறது. லேபிள் எதற்கு? எனக்கு அப்போதே புரிந்தது. நான் இல்லாத நாளைக்கு இப்போதே பெயர் ஒட்டுகிறாள்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பூங்கொடி, என் சம்சாரம், வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். "நல்ல புள்ளையாட்டத் தெரியுது. உங்களுக்கு எதுக்குங்க வயித்தெரிச்சல்?" என்றாள். அவளுக்கு ஆபீஸ் விஷயம் எதுவும் புரியாது.

பெரிய டாக்டர், அவர்தான் டைரக்டர், முன்னெல்லாம் இன்டர்நெட் நின்றால் எனக்கு நேரே போன் அடிப்பார். "சென்னி, என்னாச்சுப்பா?" இப்போது மீட்டிங்கில் என்னைப் பார்த்துக் கேள்வி கேட்பார், பதிலுக்கு அவள் பக்கம் திரும்புவார். இதை நான் எண்ணினேன். ஒரு மீட்டிங்கில் ஏழு தடவை. நர்ஸுகள் என்னை சிஸ்டம் சார் என்பார்கள், அவளை வானதிக்கா என்றார்கள். இரண்டே வாரத்தில் அக்கா. வாட்ச்மேன் அவள் வண்டிக்கு என் நிழலில் இடம் பிடித்து வைத்தான். என் நிழல் என்றால் வேப்ப மர நிழல், பதினாறு வருஷமாக நான் நிறுத்தும் இடம். அவள் வேண்டாம் என்று வண்டியை வெயிலில் நிறுத்தினாளாம். அதையும் வாட்ச்மேன் எல்லோரிடமும் சொன்னான். வெயிலில் நிறுத்தி நல்ல பெயர் வாங்குகிற ஆளை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

வேலை விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எளிமையாகச் சொல்லிவிடுகிறேன். ரௌட்டர் என்பது பஸ் ஸ்டாண்டில் விசாரணைக் கவுன்டரில் இருக்கிறவர் மாதிரி. சத்திக்குப் போகணும் என்றால், அந்த நடைமேடைக்குப் போ என்பார். அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்து ஸ்டாண்டுக்காரர் சொல்லியிருப்பார். அவருக்கு அதற்கடுத்தவர். இப்படி ரௌட்டர்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்கு ஒரு பாஷை உண்டு. எங்கள் ஈரோட்டுப் பக்கம் ஈஐஜிஆர்பி. கோவைப் பக்கம் ஓஎஸ்பிஎஃப். பெயரை விடுங்கள், எங்கள் பாஷை, அவர்கள் பாஷை, அவ்வளவுதான். ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. இரண்டு ஆஸ்பத்திரியும் சேர வேண்டுமென்றால் நடுவில் இரண்டு பாஷையும் தெரிந்த ரௌட்டர் வேண்டும். இங்கே கேட்டதை அங்கே சொல்லும், அங்கே கேட்டதை இங்கே சொல்லும். ஒன்று கெட்டால் இன்னொன்று என்று அப்படி இரண்டு வைத்தோம். ஈரோட்டில் ஒன்று, அது என் பொறுப்பு. அவினாசியில் ஒன்று, அது அவள் பொறுப்பு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கேட்கிற சேதிக்கெல்லாம் ரௌட்டர் ஒரே மதிப்புக் கொடுக்காது. யார் சொன்னது என்று பார்த்து ஓர் எண் போடும். எண் சின்னதானால் நம்பிக்கை அதிகம். எங்கள் பாஷையில் சொந்தமாகத் தெரிந்த வழிக்குத் தொண்ணூறு. அவர்கள் பாஷையில் வந்தால் நூற்றுப் பத்து. எங்கள் பாஷையிலேயே, ஆனால் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்தது என்றால் நூற்று எழுபது. ஏறக்குறைய நம்பாதே என்று அர்த்தம்.

எங்களுக்கு எல்லாக் கிளையும் தொண்ணூறு. சத்தி மட்டும் நூற்று எழுபது. ஏனென்றால் சத்தியில் இருந்தது பழைய ரௌட்டர், அதற்கு எந்தப் பாஷையும் தெரியாது. ஊமை. அதனால் சத்திக்கு மட்டும் நான் என் கையால் வழி எழுதி, வெளியிலிருந்து உள்ளே சேர்த்திருந்தேன். ஒரே வரி. ஒன்பது வருஷம் முன்னால், ஆடி மாதம், இதே மாதிரி மழை நாளில் எழுதினேன். அன்றையிலிருந்து சத்தி எக்ஸ்ரே ஒரு நாள்கூட ஈரோட்டுக்கு வராமல் இருந்ததில்லை. அது என் கையெழுத்து மாதிரி. பெரிய டாக்டருக்குக்கூட அது தெரியும்.

வானதி வெள்ளைப் பலகையில் படம் போட்டாள். "சார், சத்தி உங்க பக்கம் வெளிவழியா வருது. அதனால டேக் கண்டிப்பா வேணும்" என்றாள். டேக் என்றால் குறி. ஒரு ரௌட்டர் சேதியை அந்தப் பக்கம் தள்ளும்போது அதன் முதுகில் ஓர் எண்ணை ஒட்டிவிடும். மற்ற ரௌட்டர் அந்த எண்ணைப் பார்த்தால், இது உங்களிடமிருந்து வந்ததுதான், திரும்ப உங்களுக்கே சொல்ல மாட்டேன் என்று விட்டுவிடும். "நீங்க ஈரோட்டுல ஒட்டிருங்க. நான் அவினாசியில வடிகட்டிர்றேன். ரெண்டும் இருந்தாத்தான் சார் வேலை செய்யும்."

எண்ணையும் அவளே சொன்னாள். ஆயிரம். நான் ஏன் ஐநூறு என்று வைக்கக் கூடாது? கேட்கவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

அது ஒரு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை நான் வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்துகிறேன், பெரிய டாக்டர் கார் வந்து நிற்கிறது. பின் கதவு திறக்கிறது. வானதி இறங்குகிறாள். மடியில் ஓர் அட்டைப்பெட்டி. பெரிய டாக்டர் இந்தப் பக்கம் இறங்கி, "ஜாக்கிரதைம்மா" என்கிறார். ஜாக்கிரதைம்மா. பதினாறு வருஷத்தில் என்னை அந்தக் காரில் ஒரு நாள் ஏற்றியதில்லை. ஒரு தடவை கோவையில் மீட்டிங், நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன்.

கேன்டீனில் பொன்னம்பலம் இருந்தார். மேற்பார்வை பார்ப்பவர். நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஏனுங்க, அந்தம்மா பெரிய டாக்டர் கார்லதான் வந்து எறங்குது போல?" அவ்வளவுதான். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "அப்படீங்களா?" என்றார். நான் எதுவும் பேசவில்லை. கொஞ்சம் சிரித்தேன் என்று பிற்பாடு அவர் சொன்னார். டீ சூடாக இருந்தது, வாய் கோணியிருக்கும்.

பெட்டியைப் பற்றிச் சொன்னேனா என்று பிற்பாடு விசாரணையில் கேட்டார்கள். கேள்வி காரைப் பற்றி. பெட்டி எதற்கு அதில்?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வேலையை வைத்தோம். அன்று வெளிநோயாளிகள் கிடையாது. அவள் அவினாசியில் எல்லாவற்றையும் சனிக்கிழமையே முடித்துவிட்டு ஈரோட்டுக்கு வந்திருந்தாள். வீட்டிலிருந்து புளிசாதம், எனக்கும் சேர்த்து. நான் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். புது ரௌட்டரைப் பெட்டியிலிருந்து நானே எடுத்தேன். ஆமாம், அதே பெட்டிதான். அது பார்சலில் போட முடியாத சாமான் என்று காரில் கொண்டு வந்தார்களாம். இருக்கலாம்.

குறியைப் பற்றி. நான் ஒட்டவில்லை. மறந்தேன் என்று அவளிடம் சொன்னேன், உங்களிடம் எதற்கு மறைக்க, மறக்கவில்லை. என் நெட்வொர்க்கிலிருந்து ஒரு சேதி வெளியே போகிறது. அதன் முதுகில் அவள் சொன்ன எண்ணை நான் எதற்கு ஒட்ட வேண்டும்? ஒன்பது வருஷம் எந்தக் குறியும் இல்லாமல் ஓடிய வழி அது. ஓடும் என்று நினைத்தேன். நினைத்ததில் என்ன தப்பு?

பத்தே முக்காலுக்கு இரண்டு பக்கமும் பேச ஆரம்பித்தது. கோவை இங்கே தெரிந்தது, பவானி அங்கே தெரிந்தது. அவள் கை தட்டினாள். பதினொன்று ஐந்துக்கு சத்தியிலிருந்து போன். எக்ஸ்ரே போகவில்லை. ஒரு பையனுக்குக் கை ஒடிந்திருக்கிறது, எலும்பு டாக்டர் ஈரோட்டில் படத்துக்குக் காத்திருக்கிறார்.

சத்திக்கு அனுப்புவது எந்த ஊர் வழியாகப் போகிறது என்று கேட்டால் ரௌட்டர் வரிசையாகச் சொல்லும். கேட்டேன். ஈரோடு, அவினாசி, கோவை. ஈரோடு, அவினாசி, கோவை. ஈரோடு, அவினாசி, கோவை. முப்பது வரிக்கு அதுவே. சத்தி வரவே இல்லை. அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "சத்தி பஸ்ஸு ஊரையே சுத்திக்கிட்டு இருக்கு சார்" என்றாள். சிரிப்பு வேறு.

நடந்தது இதுதான். சத்திக்கு வழி தெரியும் என்று என் ஈரோட்டு ரௌட்டர் கோவைப் பக்கம் சொல்கிறது. கோவை அதை அவினாசிக்குச் சொல்கிறது. அவினாசிக்கு எங்கள் பக்கமிருந்தும் அதே சேதி நேராக வருகிறது, ஆனால் அது நூற்று எழுபது. கோவை சொன்னது நூற்றுப் பத்து. அவினாசி கோவையை நம்புகிறது. நம்பியதோடு விடாமல் திரும்ப எங்கள் பக்கம், எனக்கு சத்திக்கு நல்ல வழி தெரியும், அருமையான லைன் என்கிறது. குறி இல்லாததால் வடிகட்டியில் மாட்டவில்லை. ஈரோட்டு ரௌட்டர் அதைக் கேட்கிறது. அடடே, அவினாசி வழி இன்னும் நன்றாக இருக்கும் போலிருக்கிறதே என்று நான் எழுதியதை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்கிறது. அவினாசி சொன்ன சேதியின் மூலமே தான்தான் என்று அதற்குத் தெரியாது.

"அது சொன்னதுதான் சார் அதுக்கே திரும்பி வருது" என்றாள் வானதி. "வேற ஆள் வாயால வந்ததும் புதுசுன்னு நம்பிடுது. பாவம், அதும் மேல தப்பில்ல. மொதல்ல யார் சொன்னதுன்னு ஒரு குறி இருந்தாப் போதும்."

எனக்கு இதைப் பாடமாக எடுக்கிறாள். பதினாறு வருஷம் இதே வேலை பார்த்தவனுக்கு. ஒரு முட்டாள் மெஷின்கூடப் புரிந்துகொள்ளும் விஷயம். நான் குறியை ஒட்டினேன். இரண்டு நிமிஷத்தில் சுற்று அறுந்தது, படம் வந்தது, பையன் கைக்குக் கட்டுப் போட்டார்கள்.

ரிப்போர்ட்டை அவள் எழுதினாள். "இணைப்பு ரௌட்டரில் குறி விடுபட்டிருந்தது, சரிசெய்யப்பட்டது." எந்த ரௌட்டர் என்று இல்லை. யார் என்று இல்லை. பூங்கொடி, "உங்க பேரப் போடாம விட்டுச்சே, அந்தப் புள்ளைக்கு எவ்வளவு நல்ல மனசு" என்றாள். நல்ல மனசா? பெயரைப் போட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். போடாமல் கையில் வைத்திருக்கிறாள், வேண்டும்போது எடுக்க. மூன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அவள் எப்போது எடுப்பாள், யாரிடம் எடுப்பாள். அவள் எடுக்கவே இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

கவுந்தப்பாடி வந்துவிட்டது. நாட்டுச் சர்க்கரை வாசம் வருகிறதா? மழையில் இன்னும் தூக்கலாக இருக்கும்.

சரி. இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரம் போயிருக்கும். பில்லிங்கில் கோகிலா, அமைதியான பெண், வம்புக்கே போகாதவள், என் கம்ப்யூட்டர் ஏதோ மெதுவாக இருக்கிறது வந்து பாருங்கள் என்றாள். பார்த்துக்கொண்டிருக்கும்போது குரலைத் தாழ்த்தி, "சார், வானதிக்கா வாரா வாரம் பெரிய டாக்டர் கார்லதான் வருதாமா? அதான் வேலை அவங்களுக்குத்தான்னு பேசிக்கிறாங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஒரு நாள்தான் பார்த்தேன். இவள் வாரா வாரம் என்கிறாள். அப்படியானால் நான் பார்க்காத நாட்களும் இருக்கின்றன.

அதற்கு நாலு நாள் கழித்து கோவை ஸ்டோர்ஸிலிருந்து தேவநாதன் போன் செய்தார். டோனர் விஷயமாக. பேசி முடித்துவிட்டு, "உங்க ஊர்ல என்னமோ ஓடுதாமே சார்? எங்க வானதியும் பெரிய டாக்டரும் மேட்டுப்பாளையம் கிளைக்குப் போறேன்னு ஊட்டிக்கே போயிட்டு வந்தாங்களாமே?" என்றார். ஊட்டி. இது கோவைக்காரர் வாயிலிருந்து வருகிறது. அவள் பக்கத்து ஆள். என்னைவிட அவளை அதிகம் தெரிந்தவர். அவருக்கு அவள் மேல் என்ன கோபம்? நான் கேன்டீனில் கேட்டது ஏதோ மனசில் பட்ட கேள்வி. இது அப்படி இல்லை. இரண்டு ஊர், இரண்டு பேர், ஒருவருக்கொருவர் முகம் தெரியாது, இருவரும் ஒரே சேதி. என் கண்ணால் பார்த்ததைவிட எனக்கு அது உறுதியாகப் பட்டது.

எழுதினேன். நிர்வாகத்துக்கு, ஒரு பக்கம். அவதூறாக ஒன்றும் இல்லை. "ஈரோடு, கோவை இரு ஊர் ஊழியர்களிடையேயும் பரவலாகப் பேசப்படுகிறது. தலைமைப் பதவி முடிவாகும் நேரத்தில் இதை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவருவது மூத்த ஊழியன் என்ற முறையில் என் கடமை." பூங்கொடியிடம் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று இரவு சாப்பிடக் கூப்பிடவில்லை, தட்டை மட்டும் வைத்தாள்.

ஹெச்ஆர் பிரிவில் மைதிலி மேடம். பேசவே மாட்டார், எழுதிக்கொண்டே இருப்பார். முதலில் தேவநாதனைக் கேட்டார். யார் சொன்னது? ஈரோடு பில்லிங் கோகிலா. கோகிலாவைக் கேட்டார். யார் சொன்னது? கேன்டீனில் பேச்சு, பொன்னம்பலம் அண்ணன். ஊட்டி எங்கிருந்து வந்தது? கோகிலா, "நான் மேட்டுப்பாளையம்னுதான் சொன்னேன்" என்றாள். மேட்டுப்பாளையம் அவளே சேர்த்தது, ஊட்டி தேவநாதன் சேர்த்தது. பொன்னம்பலத்தைக் கேட்டார். அந்த மனுஷன் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், "சென்னி சார்தாங்க கேட்டாரு" என்றார்.

மேடம் பேப்பரை என் பக்கம் திருப்பினார். பெயர்கள், நடுவில் அம்புக்குறிகள். தேவநாதன், கோகிலா, பொன்னம்பலம், நான். என்னிடமிருந்து ஒரு கோடு சுற்றிப்போய், கடைசியில் என் கடிதத்தில் வந்து நின்றது.

"இது எங்க ஆரம்பிச்சுதுன்னு இப்பத் தெரியுதுங்களா சார்?"

பேப்பரில் அம்பு போட்டால் எதையும் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் நிறுத்தலாம். "மேடம், நான் கேட்டேன். சொல்லவில்லை. நான் கார் என்றேன், இவர்கள் வாரா வாரம் என்கிறார்கள். நான் ஊட்டி என்று சொன்னேனா? சொல்லாதது எப்படி என்னுடையதாகும்? இவர்களுக்கு வேறு எங்கிருந்தோ தெரிந்திருக்கிறது, பயந்து என் பெயரைச் சொல்கிறார்கள்" என்றேன். அவர் எழுதிக்கொள்ளக்கூட இல்லை. பேனாவை மூடிவிட்டார்.

வேலையை விட்டே அனுப்புவதாக இருந்ததாம். வானதி போய்ப் பேசினாளாம். பதினாறு வருஷ ஆள், இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், வேண்டாம் சார் என்று. நீங்களே யோசியுங்கள். தன் மேல் இப்படி எழுதியவனுக்காக ஒருத்தி போய்ப் பேசுகிறாள், பெரிய டாக்டரும் உடனே கேட்கிறார். அவள் சொன்னால் அவர் கேட்கிறார். நான் எழுதியதும் அதைத்தானே?

தலைமை அவளுக்குத்தான். ஆனி முடிவதற்கு முன்னாலேயே.

நான் மேஜையைக் காலி செய்யும்போது வந்து நின்றாள். அன்றைக்கும் செருப்பை வெளியே விட்டிருந்தாள். "கார்ல எதுக்கு வந்தேன்னு என்கிட்டயே கேட்டிருக்கலாமே சார்" என்றாள். கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது. நான் பார்க்கவில்லை, டிராயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடமே கேட்பதா? திருடனிடம் போய் நீ திருடினாயா என்று கேட்பார்களா?

போகும்போது திரும்பி, "சத்திக்குப் புது ரௌட்டர் போட்டாச்சு சார். அது பேசும். அதனால உங்க வரிய எடுத்துட்டேன். சொல்லணும்னு தோணுச்சு" என்றாள்.

அதுதான் சார். தலைமை போனதுகூடப் பரவாயில்லை. அந்த வரி. ஒன்பது வருஷம். இப்போது சத்தியில் போய் உட்காரும் நாளெல்லாம் ஒரு தடவை அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கிறேன். சத்திக்கு வழி இருக்கிறது, தொண்ணூறு என்று இருக்கிறது, தானாகத் தெரிந்துகொண்டது என்று இருக்கிறது. என் கை எங்கும் இல்லை. எக்ஸ்ரேவும் முன்னைவிட வேகமாகத்தான் போகிறது.

ஆனால் ஒன்று. உண்மையை அப்படி ஒரேயடியாக மூடிவிட முடியாது. இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சொல்லுங்கள், எனக்குப் பொறாமையா என்று. போன வெள்ளிக்கிழமை, இதே பஸ், அதோ அந்த மூன்று பேர் சீட். கவுந்தப்பாடியில் ஒருவர் ஏறினார். சர்க்கரை மண்டி வைத்திருப்பவர். நான் அவரை முன்பின் பார்த்ததில்லை. என் கழுத்து அட்டையில் ஆஸ்பத்திரி பெயரைப் பார்த்துவிட்டு அவராகவே ஆரம்பித்தார். "அந்த ஆஸ்பத்திரியா நீங்க? அங்க ஒரு கம்ப்யூட்டர் அம்மாளும் பெரிய டாக்டரும் ஊட்டிக்குப் போயிட்டு வந்து, கேள்வி கேட்ட வயசான ஆளைத் தூக்கியடிச்சுட்டாங்களாமே?"

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. யாருங்க உங்களுக்குச் சொன்னது என்று மட்டும் கேட்டேன்.

"எங்க மண்டியில சரக்கெடுக்கற கோபிக்காரர் சொன்னாருங்க. அவரு பஸ்ஸுல யாரோ பேசக் கேட்டாராமா" என்றார்.

பார்த்தீர்களா. கோபி வரைக்கும் போயிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமே இல்லாத ஜனம். மைதிலி மேடம் இவர்களுக்கு என்ன அம்பு போடுவார்? எனக்கு அன்றுதான் மனசு ஆறியது. சத்தி போய்ச் சேரும் வரைக்கும் மழையைப் பார்த்துக்கொண்டே போனேன்.

கோபி வரப் போகிறது, பாலம் தாண்டியாயிற்று. குடை வைத்திருக்கிறீர்களா? நீங்கள் இறங்குவதற்குள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், என் நம்பர். ஒன்பது ஏழு எட்டு ஒன்பது... எழுதிக்கொண்டீர்களா? நீங்கள் கோபியிலேயே இருப்பவர். நாலு இடம் போவீர்கள், நாலு பேர் பேசுவார்கள். இந்த விஷயம் ஏதாவது உங்கள் காதில் விழுந்தால் எனக்கு ஒரு போன் பண்ணுங்கள். யார் சொன்னது என்றுகூட நீங்கள் கேட்க வேண்டாம். என்ன சொன்னார்கள் என்று மட்டும் சொன்னால் போதும்.